நம் நம்பிக்கையை வேவு பார்ப்பவர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சில துணுக்குகளும் கேள்வி நேரமும் இதில் இல்லை.)



திருச்சியில் நின்றுகொண்டு இமயமலை எல்லையைப் பற்றிப் பேசுவது சற்று விந்தையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கார்கில் போரில், 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் ஜூபார் மலைமேட்டைத் தாக்கச் சென்று உயிர்நீத்த பீகார் ரெஜிமென்ட் மேஜர் சரவணன் உங்கள் ஊர்க்காரர். அவருக்கு இங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்த மேடுகளில் எதிரி வந்து உட்காரும்வரை நமக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்று ஆராய்ந்த குழுவின் தலைவர் கே. சுப்ரமணியம். அவர் 1929-இல் பிறந்ததும் இதே திருச்சியில்தான். தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி, பின்னாளில் நாட்டின் பாதுகாப்புச் சிந்தனைக்கே ஆசான் போல ஆனவர்.

நான் சீருடை அணிந்தவனல்லன். உளவு அமைப்பு எதிலும் வேலை பார்த்ததில்லை. அச்சில் வந்த அறிக்கைகளையும் ஓய்வுபெற்றவர்கள் எழுதியவற்றையும் படிக்கிறவன். எனவே ரகசியம் எதையாவது உளறிவிடுவேனோ என்று அவைத் தலைவர் பதற வேண்டியதில்லை.

உளவு என்றதும் மாறுவேடத்தில் எல்லை தாண்டுகிறவர்தான் நம் கண்முன் வருகிறார். நான் பேச வந்தது அவர் கொண்டுவந்ததைத் தலைநகரில் ஒரு மேசையில் வைத்துப் படித்து, மேலிடத்துக்கு இரண்டு பக்கம் எழுதுகிறவரைப் பற்றி. ஆய்வாளர், டெஸ்க் அதிகாரி, எப்படி வேண்டுமானாலும் அழையுங்கள். எதிரி என்ன செய்யப்போகிறான் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை என்று பொதுவாக நினைக்கிறோம். எதிரி என்ன செய்யமாட்டான் என்று நம் தரப்பு நம்பிக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்காணிப்பதுதான் அவருடைய முதல் வேலை என்பது என் வாதம். அதைச் சில கூறுகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. மேசைக்கு வருபவை

எல்லைப் பாதுகாப்பு ஆய்வாளரின் அன்றாடம் அலுப்பூட்டுவது. அவருக்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கே எதிர்ப்பக்கத்தில் எந்தப் பட்டாலியன் எங்கே நிற்கிறது, எப்போது மாற்றப்படுகிறது, ரேஷன் எந்தப் பாதையில் போகிறது, எந்தப் பாலம் புதிது என்று பதிவு வைத்திருப்பார். ஒட்டுக்கேட்ட வானொலிப் பேச்சு வரும். விமானப் படம் வரும். எல்லைப் பாதுகாப்புப் படையின் ஜி பிராஞ்ச் போன்ற களப் பிரிவுகளிலிருந்து தகவலாளர்கள் சொன்னது வரும். அவருக்குத் துப்புக் கொடுப்பவை பெரும்பாலும் அற்பமான செய்திகளே. விடுப்பு ரத்தாகியிருக்கும். கோவேறு கழுதைகளை வழக்கத்தைவிட அதிகமாக வாடகைக்குப் பிடித்திருப்பார்கள். மண்ணெண்ணெய் பருவம் தப்பி மேலே ஏற்றப்பட்டிருக்கும்.

சியாச்சின் பற்றி ஓய்வுபெற்ற அதிகாரிகள் சொல்லும் கதை ஒன்று உண்டு. பாகிஸ்தான் ராணுவம் லண்டனில் உள்ள ஒரு கடையில் கடும் பனிக்கான உடைகளைப் பெருமளவில் வாங்க ஆர்டர் கொடுத்தது. அதே கடை நமக்கும் சரக்குக் கொடுத்ததால் செய்தி இங்கே எட்டியது என்பார்கள். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கிறதோ! 1984 ஏப்ரல் 13 அன்று இந்தியப் படை பிலாஃபோண்ட் லா கணவாயில் முந்திக்கொண்டு இறங்கியது மட்டும் வரலாறு. உடை வாங்கிய செய்தியைப் படித்த யாரோ ஒருவர், அதை மலையேற்றக் குழுவின் தேவை என்று ஒதுக்கிவிடாமல், இவ்வளவு உடை எத்தனை பேருக்கு, எத்தனை மாதத்துக்கு என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

வரும் செய்திகளைத் தரம் பிரிக்கவும் முறை இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையில் தோன்றிப் பல நாடுகளுக்குப் பரவிய வழக்கப்படி, தகவல் தந்தவர் எவ்வளவு நம்பத் தகுந்தவர் என்பதற்கு ஓர் எழுத்தும், தகவல் எவ்வளவு நம்பத் தகுந்தது என்பதற்கு ஓர் எண்ணும் இடுவார்கள். நல்ல முறைதான். ஆனால் அதைப் படிக்கிறவர் ஏற்கனவே என்ன நம்பிக்கொண்டிருக்கிறார் என்று குறிக்க அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது. என் பேச்சு முழுவதும் அந்தக் கட்டத்தைப் பற்றியதுதான்.

2. கார்கிலில் நாம் நம்பியவை

1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு வெடித்துச் சோதித்தன. 1999 பிப்ரவரி 21 அன்று இரு நாட்டுப் பிரதமர்கள் வாஜ்பாயும் நவாஸ் ஷெரீஃபும் லாகூர் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் பாகிஸ்தானின் வடக்கு லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி, டிராஸ், கார்கில், பட்டாலிக், முஷ்கோ பகுதிகளில் ஸ்ரீநகர்–லே சாலையைப் பார்த்தபடி நிற்கும் உச்சிகளில் அமர்ந்தார்கள். பனிக்காலத்தில் சில உயர்நிலைகளைக் காலிசெய்துவிட்டுப் பனி உருகியதும் திரும்புவது அப்போது இரு தரப்பின் வழக்கமாக இருந்தது. இடைவெளிகளை அவ்வப்போது ஹெலிகாப்டரில் பறந்து பார்த்துவந்தார்கள்.

தில்லியில் அப்போது நிலவிய நம்பிக்கைகள் ஒவ்வொன்றும் நியாயமானவை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பின்னாளில் எழுதியவர்கள் பலர் அவற்றை முட்டாள்தனம் போல் எழுதிவிட்டார்கள். பனியில் 14,000 முதல் 18,000 அடி உயரத்தில் பெரும்படையைத் தங்கவைத்துச் சோறு போட முடியாது. அப்படியே வந்தாலும் இந்தியா திருப்பி அடிக்கும் அடியில் நிற்க முடியாது. ஆகவே கணக்குத் தெரிந்த தளபதி வரமாட்டான். அணு ஆயுதம் வந்தபின் இரு தரப்பும் அடக்கிவாசிக்கும். பாகிஸ்தானிடம் பணமும் இல்லை. இவற்றில் எதையும் தனியாக எடுத்துக் குற்றம் சொல்ல முடியாது. போரின் முடிவைப் பார்த்தால், அந்தத் திட்டம் பாகிஸ்தானுக்கு நட்டக் கணக்குதான். நம் ஆய்வாளர்களின் தர்க்கம் தோற்கவில்லை. அந்தத் தர்க்கத்தை எதிரி மதிப்பான் என்ற அனுமானம் தோற்றது.

சுப்ரமணியம் குழுவின் அறிக்கையில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 1998 செப்டம்பரோடு முடிந்த அரையாண்டுக்கான, வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வின் மதிப்பீட்டில், பாகிஸ்தான் ராணுவம் குறுகிய, விரைவான தாக்குதல் ஒன்றை நடத்தக்கூடும் என்ற சாத்தியம் குறிக்கப்பட்டிருந்தது. 1999 மார்ச்சில் முடிந்த அடுத்த மதிப்பீட்டில் அது இல்லை. நிதி நெருக்கடி அத்தகைய சாகசத்தைத் தடுக்கும் என்பதற்கே அழுத்தம் தரப்பட்டிருந்தது. இடைப்பட்ட மாதங்கள்தான் ஊடுருவலின் மாதங்கள். அந்தச் சாத்தியம் ஏன் நீக்கப்பட்டது? அதை மறுக்கும் புதிய சான்று வந்ததா, அல்லது உறுதிசெய்யும் சான்று எதுவும் வரவில்லை என்பதாலேயே விழுந்துபோனதா? இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மதிப்பீடு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சான்று வராததற்குக் காரணம், யாரும் அதைத் தேடவில்லை என்பதாகவும் இருக்கலாமே!

இங்கேதான் ஆய்வாளரின் வேலையில் வெளியாருக்குத் தெரியாத ஒரு பகுதி வருகிறது. களத்தில் என்னென்ன தேட வேண்டும் என்ற பட்டியல் மேசையிலிருந்துதான் போகிறது. எந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பட்டாலியன் என்று பார்த்து வா, எந்த அலைவரிசையைக் கேள், எதைப் படம் எடு என்பதெல்லாம் ஆய்வாளரின் கேள்விகள். நடக்காது என்று நம்புகிற ஒன்றைத் தேடச் சொல்லி ஆளையும் பணத்தையும் யார் செலவிடுவார்? கார்கிலுக்கு எதிரே பட்டாலியன்கள் உள்ளே வந்ததும் வெளியே போனதும், அவை எந்தப் பட்டாலியன்கள் என்பதும் 1998-இல் நமக்குத் தெரியாமல் இருந்ததுதான் உளவின் முக்கியமான தோல்வி என்று குழு முடிவுகட்டியது. அது தகவல் சேகரித்தவர்களின் தோல்வியாக மட்டும் படிக்கப்படுகிறது. கேள்வி கேட்டவர்களின் தோல்வியாகவும் படிக்க வேண்டும் என்பேன்.

நம்பிக்கையின் பிடி அதோடு விடவில்லை. மே மாதத் தொடக்கத்தில் அந்நியர்கள் தென்பட்டதும் அவர்களைத் தீவிரவாதிகள் என்றே எடுத்துக்கொண்டோம். சில நாட்களில் விரட்டிவிடலாம் என்று நினைத்தோம். வந்திருப்பது ஒரு நாட்டின் படை என்பது செத்தவர்களின் சம்பளப் புத்தகங்களிலும் கடிதங்களிலுமிருந்து தெளிவாகும்வரை, மேட்டை நோக்கி ஏறிய சிப்பாய்தான் அந்தத் தவறான மதிப்பீட்டைச் சுமந்தார். ஜூலை 26-இல் சண்டை முடிந்தபோது நம் பக்கத்தில் 527 பேர் இறந்திருந்தார்கள்.

தகவல் சேகரிப்பில் நாம் மட்டமாக இருந்தோம் என்றும் சொல்ல முடியாது. மே 26, 29 தேதிகளில் பெய்ஜிங்கில் இருந்த பாகிஸ்தான் ராணுவத் தலைமைத் தளபதி முஷரஃபும் ராவல்பிண்டியில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் அஜீஸும் தொலைபேசியில் பேசியதை நம்மவர்கள் பதிவுசெய்தார்கள். ஜூன் 11-இல் அது உலகுக்கே வெளியிடப்பட்டது. என்ன தேட வேண்டும் என்று தெரிந்தபின் எவ்வளவு நன்றாகத் தேடினோம் பாருங்கள்.

3. தாளின் பயணம்

1998 ஜூன் 2 அன்று உளவுப் பணியகமான ஐ.பி.யின் இயக்குநர், கார்கிலுக்கு எதிர்ப்பக்க நடமாட்டங்களைப் பற்றித் தாமே கையெழுத்திட்டு ஒரு குறிப்பு அனுப்பினார். பிரதமர், உள்துறை அமைச்சர், அமைச்சரவைச் செயலர், உள்துறைச் செயலர், ராணுவச் செயல்பாட்டுத் தலைமை இயக்குநர் ஆகியோருக்கு அது போயிற்று. வெளிநாட்டு உளவுக்குப் பொறுப்பான ‘ரா’ செயலருக்கும், எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பிட வேண்டிய கூட்டு உளவுக் குழுவின் தலைவருக்கும், ராணுவ உளவுத் தலைமை இயக்குநருக்கும் போகவில்லை. மேலிடத்திலிருந்து தானே கீழே இறங்கி வரும் என்று எதிர்பார்த்ததாக அந்த இயக்குநர் சுப்ரமணியம் குழுவிடம் சொன்னார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் இங்கே சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

கூட்டு உளவுக் குழுவின் தலைவர் பதவியே 1998 டிசம்பர் வரை ஏறத்தாழ 18 மாதம் நிரப்பப்படாமல் கிடந்தது. சுப்ரமணியம் எழுபதுகளின் இறுதியில் அதே நாற்காலியில் இருந்தவர். இதைப் பற்றிய பத்திகளை எழுதும்போது அவர் அடக்கிக்கொண்ட கோபம் அறிக்கையின் நடையில் கசிகிறது.

4. மூவர் ஒத்துச் சொன்னாலும்

திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொன்னது ஒத்துவந்தால் நம்பலாம் என்கிறார். மேடைகளில் இதைச் சொல்பவர்கள் ‘மூவர்’ என்பதைப் பிடித்துக்கொள்வார்கள். ‘ஒருவரை ஒருவர் அறியாத’ என்ற நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கார்கிலில் ராணுவ உளவு, ரா, ஐ.பி. மூன்றுமே பனிக்காலப் படையெடுப்பை எதிர்பார்க்கவில்லை. மூவரும் ஒத்துப்போனார்கள். மூவரும் ஒரே நகரத்தில், ஒரே செய்தித்தாள்களைப் படித்து, ஒரே அனுமானத்தில் வாழ்ந்தவர்கள். அந்த ஒற்றுமையைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதே நோயின் பழைய எடுத்துக்காட்டு 1973 அரபு–இஸ்ரேல் போர். ஆழத்துக்குள் வந்து தாக்கும் விமானமோ ஏவுகணையோ கைக்கு வராமல் எகிப்து போருக்கு வராது, எகிப்து இல்லாமல் சிரியா வராது என்று இஸ்ரேல் ராணுவ உளவு நம்பியது. தெற்குக் கட்டளையகத்தில் சிமான் தோவ் என்ற இளம் லெப்டினன்ட், சூயஸ் கால்வாய் ஓரம் நடப்பது பயிற்சி அல்ல, போருக்கான மறைப்பாக இருக்கலாம் என்று அக்டோபர் 1-இலும் 3-இலும் எழுதினார். அவருடைய மேலதிகாரியின் மேசையைத் தாண்டி அது போகவில்லை. 6-ஆம் தேதி போர் தொடங்கியது.

மேலதிகாரியைத் திட்டுவது எளிது. அதே ஆண்டு வசந்தத்தில் போர் வரும் என்று அஞ்சி இஸ்ரேல் படையை உஷார்ப்படுத்தியது; பணம் செலவானது; போர் வரவில்லை. அப்போது ‘வராது’ என்று சொன்ன உளவுத் தலைவர் சொல்லே பலித்தது. அவர் மதிப்பு உயர்ந்தது, கூடவே அவருடைய கருத்தின் மதிப்பும். வீண் எச்சரிக்கைக்கு விலை உண்டு. எதற்கெடுத்தாலும் அபாயச் சங்கு ஊதும் ஆய்வாளரை மூன்றாம் முறை யாரும் படிக்கமாட்டார்கள். ஆகவே ‘எச்சரித்துக்கொண்டே இரு’ என்பது நல்ல அறிவுரை ஆகாது. நாம் எதை நம்புகிறோம், எது நடந்தால் அந்த நம்பிக்கையைக் கைவிடுவோம் என்று தேதி போட்டு முன்கூட்டியே எழுதி வை என்பதே நான் சொல்லக்கூடியது. ‘பனியில் வரமாட்டான்’ என்று எழுதுகிற கையே, ‘நவம்பருக்குப் பிறகு எதிர்ப்பக்க முன்நிலைகளில் புகை தெரிந்தால், கூலியாட்கள் மேலே போய்த் திரும்பாமல் இருந்தால், இதை மறுபரிசீலனை செய்க’ என்றும் எழுதட்டும். அப்போது தேட வேண்டிய பட்டியல் தானே உருவாகிறது.

அந்தப் போருக்குப் பின் இஸ்ரேல், தன் மதிப்பீட்டை மறுத்து எழுதுவதற்கென்றே உளவுத்துறைக்குள் ஒரு சிறு பிரிவை வைத்தது. நல்ல யோசனை என்று உலகெங்கும் பாடமாகச் சொன்னோம். ஆனாலும் ஹமாஸ் தாக்கிய 2023 அக்டோபர் 7-க்கு முன், காசா எல்லையில் நஹல் ஓஸ் முகாமில் திரைகளைக் கவனித்துவந்த இளம்பெண் சிப்பாய்கள், வேலியருகே வழக்கத்துக்கு மாறான பயிற்சிகள் நடப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹமாஸ் இப்போது போரை விரும்பாது என்ற நம்பிக்கை அவர்கள் சொல்லைவிடப் பலமாக இருந்தது. சொல்பவர் வயதில் இளையவர், பதவியில் கடையர், பெண் என்பதெல்லாம் அந்தத் தராசில் ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

5. மேய்ப்பர்களும் மீனவர்களும்

கார்கிலில் அந்நியர்களை முதலில் பார்த்துச் சொன்னவர்கள் உள்ளூர் மேய்ப்பர்கள். தம் மலையில் யார் நடமாட வேண்டும், யார் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். 1962 சீனப் போரின் அடி விழுந்த பிறகு, 1963-இல் எல்லை மக்களைப் பயிற்றுவித்துத் துணையாக்கிக்கொள்ள என்றே தனி அமைப்பு ஒன்றை உருவாக்கினோம், அதுதான் எஸ்.எஸ்.பி. கார்கிலுக்குப் பிறகு ‘ஓர் எல்லைக்கு ஒரு படை’ என்ற கொள்கையில் அது நேபாள, பூடான் எல்லைகளின் காவல்படையாக மாறியது. காவலுக்கு ஆள் கிடைத்தது. ஊர்மக்களோடு இருந்த பழைய நெருக்கம் அதே அளவில் தொடர்ந்திருக்க வழியில்லை.

நம் கடற்கரைக்கும் இது பொருந்தும். 2008-இல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடத்திக்கொண்டு வந்தார்கள். பாக் நீரிணையில் எந்தப் படகு எந்த ஊருடையது என்று ராமேசுவரம் மீனவர் தூரத்தில் பார்த்தே சொல்வார். அவரைச் சந்தேகப் பட்டியலில் மட்டும் வைத்திருக்கும் அமைப்பு ஒரு நல்ல கண்ணை இழக்கிறது. இதற்குமேல் இங்கே விரிக்கவில்லை.

6. பிறகு மாறியதும் மாறாததும்

சுப்ரமணியம் குழுவின் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சில பகுதிகள் மறைக்கப்பட்டுப் புத்தகமாகவும் வந்தது. 1962 பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். குழுவின் பரிந்துரைகளை ஆராய அமைச்சர்கள் குழு ஒன்று அமர்ந்தது. 2002-இல் பாதுகாப்பு உளவு முகமை, 2004-இல் தேசியத் தொழில்நுட்ப ஆராய்ச்சி அமைப்பு, அமைப்புகளுக்கிடையே தகவல் பரிமாற 2001-இல் தொடங்கி மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008 டிசம்பர் 31-இல் வலுப்படுத்தப்பட்ட பல்முகமை மையம். எல்லைகளில் வெப்பப் படக் கருவிகளும் உணரிகளும் வந்தன. இவையெல்லாம் தேவைதான். ஆனால் பட்டியலைப் பாருங்கள்: பெரும்பாலும் தகவலைச் சேர்க்கவும் பகிரவும் ஆனவை. அதைப் படித்துச் சந்தேகப்படுகிற மனிதருக்கு என்ன செய்தோம்?

உங்களில் சிலர் ஐ.பி.யின் ஏ.சி.ஐ.ஓ. தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்று துறைத் தலைவர் சொன்னார். உள்ளே போனால் மாற்றல்கள் வரும். காவல்துறையிலிருந்து அயற்பணியில் வரும் மேலதிகாரிகளும் வந்து வந்து போவார்கள். ஒரே பள்ளத்தாக்கைப் பத்து ஆண்டு படித்தவருக்குத் தனி மதிப்பு என்ற பழக்கம் நம் நிர்வாகத்தில் வேரூன்றவில்லை. பல்ட்டி மொழியோ ஷினா மொழியோ தெரிந்த ஆய்வாளரைவிட, கோப்பை வேகமாக நகர்த்துபவர் விரைவில் உயர்வார். மேலதிகாரிக்குப் பிடிக்காத மதிப்பீட்டைத் தனிக் குறிப்பாகக் கோப்பிலேயே பதிவுசெய்யும் உரிமை ஒவ்வோர் ஆய்வாளருக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். சிமான் தோவின் இரண்டு தாள்களும் பின்னர் விசாரணையில் வெளிவந்ததால்தான் அவர் இருந்ததே உலகுக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஐ.பி.யையும் ராவையும் பெரிதும் விலக்கி வைத்திருக்கிறது. ஏன் என்பது புரிகிறது, தகவலாளரின் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் ஆய்வாளர் எழுதிய மதிப்பீடு வேறு வகை. அதில் தகவலாளரின் பெயரை மறைத்துவிட்டால் எஞ்சுவது ஒரு மனம் யோசித்த விதம் மட்டுமே. 1998, 1999 அரையாண்டு மதிப்பீடுகளுக்கு இப்போது 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவற்றைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி, செப்டம்பர் தாளையும் மார்ச் தாளையும் அருகருகே வைத்துப் படிக்க அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்கும் உங்களைப் போன்ற மாணவர்களுக்கும் வாய்ப்புத் தர வேண்டும். இதை அரசுக்கு விண்ணப்பமாக எழுதியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் வைக்கிறேன், உடன்படுகிறவர்கள் கையெழுத்திடலாம்.